பதினைந்து மீட்டர் யாத்திரை

சென்ற மாதத்தில் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பும் வழியில், வேலூர் ஐடா ஸ்கடர் சாலையில் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிரே வயதான தம்பதிகள் இருவரைக் கண்டேன். இருவருக்கும் எழுபது பிராயத்துக்குக் குறையாது. கிழவரின் கையில் எக்ஸ்-ரே படங்கள் அடங்கிய பெரிய உறை. கிழவியின் கையில் கிழவருடைய சட்டையின் நுனி. இருவரும் சாலையின் விளிம்பில் நின்றுகொண்டு, ஒரு காலை முன்னே வைப்பதும், உடனே பின்னுக்கு இழுத்துக் கொள்வதுமாக இருந்தார்கள். ஆழம் தெரியாத ஆற்றில் இறங்க நினைப்பவர்கள் இப்படித்தான் செய்வார்கள்.

அருகில் சென்று, சினிமாவிலும் ரயிலிலும் நான் கற்ற ஹிந்தியைத் துணையாகக் கொண்டு, "எங்கே போக வேண்டும், தாதா?" என்று கேட்டேன். எதிர்ச் சந்தில் உள்ள விடுதியைச் சுட்டிக் காட்டினார். மேற்கு வங்காளத்தில் முர்ஷிதாபாத் ஜில்லாவாம். ஹௌராவில் ரயில் ஏறி, ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து, காட்பாடியில் இறங்கியவர்கள். அந்தத் தூரத்தையெல்லாம் அவர்கள் பயமின்றிக் கடந்து விட்டார்கள். பாக்கியிருந்தது சுமார் பதினைந்து மீட்டர்தான். அதைக் கடக்கத்தான் அரை மணியாக நிற்கிறார்களாம்!

கிழவர் சிரித்துக்கொண்டே, "பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், பாபு. இப்பொழுது பயமெல்லாம் இந்த ரோட்டைப் பார்த்துத்தான்" என்றார்.

நான் அவர்களுக்கு வழி காட்டினேன் என்று எழுத ஆசைதான். உண்மை அப்படியில்லை. நானும் அவர்களோடு சேர்ந்து ஒரு காலை முன்னே வைத்துப் பின்னே இழுத்துக் கொண்டிருந்தேன். கடைசியில் ஓர் ஆட்டோக்காரர் தமது வண்டியைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தி, கையை வெளியே நீட்டி, "போங்க பெரியவரே, போங்க!" என்று சத்தம் போட்டார். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஊளையிட்டன. நாங்கள் மூவரும் அக்கரை சேர்ந்தோம். அந்த ஆட்டோக்காரருக்குச் சட்டப்படி அபராதம் விதிக்கலாம். தர்மப்படி ஒரு ரோஜாமாலை போடலாம்.

*  *  *

எங்கள் ஊரைப் பற்றிப் பழைய பரிகாசம் ஒன்று உண்டு. மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சுவாமி இல்லாத கோயில் – இவையெல்லாம் சேர்ந்ததுதான் வேலூர் என்பார்கள். ஊரார் இதைக் கேட்டுக் கோபிப்பதில்லை; வெளியூர் உறவினர் வந்தால் தாங்களே எடுத்துச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். இந்த ஜாபிதாவில் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது: நடக்க இடமில்லாத சாலை.

2008-ஆம் வருஷத்தில் வேலூர் மாநகராட்சி ஆயிற்று. 2016-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்காருடைய 'ஸ்மார்ட் சிட்டி' திட்டத்தில் இடம் பெற்றது. 2022-ஆம் வருஷத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிப் புதிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. இவையெல்லாம் சந்தோஷமான விஷயங்களே. ஆனால், புதிய பஸ் நிலையத்திலிருந்து வெளியே வந்த ஒருவர், 'கிரீன் சர்க்கிள்' என்று நாம் சொல்லும் சந்திப்பைக் கால்நடையாகக் கடந்து ஊருக்குள் வர முயன்று பார்க்கட்டும். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே ஓடுகின்ற வண்டிகள் எத்தனை வகை என்பதை அன்றைக்குத்தான் முழுமையாக அறிந்து கொள்வார்.

நடைபாதை கட்டிய இடங்களிலும் கதை இதுதான். பாதையில் பாதி தூரத்துக்கு மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. மீதியில் ஒரு கடையின் படிக்கட்டு, ஒரு மின்சாரப் பெட்டி, ஒரு விளம்பரப் பலகை. இவற்றைத் தாண்டித் தாண்டி நடப்பதற்குக் கிழவர்கள் சர்க்கஸ்காரர்கள் அல்லவே! ஆகையால் அவர்கள் தார் ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள். உடனே வண்டிக்காரர்கள், "நடைபாதை இருக்க, நடுரோட்டில் நடக்கிறார்களே!" என்று அங்கலாய்க்கிறார்கள்.

*  *  *

இந்தச் சாலைக்குப் பெயர் தந்த அம்மையாரை நினைக்கும்போது மனத்தில் ஒரு விசித்திரம் தோன்றுகிறது. டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ஆம் வருஷத்தில் ஒரே ஒரு படுக்கையோடு வேலூரில் வைத்தியம் தொடங்கினார். நோயாளிகள் தம்மைத் தேடி வரட்டும் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. சாலையோரத்து மரநிழல்களில் வண்டியை நிறுத்தி, அங்கே கூடிய ஜனங்களுக்கு மருந்து கொடுத்தார். முதலில் மாட்டு வண்டியில் போனார்; பின்னர் மோட்டாரில் போனார். அந்த மோட்டாரைக் கண்டு, பேய் வருகிறதென்று கிராமத்தார் வயல்களில் ஓடி ஒளிந்தார்கள் என்று இன்றும் கதை சொல்லுகிறார்கள். சிகிச்சை செய்ய வந்த மோட்டாரைக் கண்டு அன்று ஓடினார்கள். இன்று சிகிச்சைக்கு வந்தவர்கள் மோட்டாரைக் கண்டு ஓடுகிறார்கள். ஓட்டம் மட்டும் நிற்கவில்லை.

காட்பாடியிலிருந்து புறப்படும் 1-ஆம் நம்பர், 2-ஆம் நம்பர் பஸ்களை வேலூரில் அறியாதவர் இல்லை. இந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போய், அவை பாகாயத்தில் நிற்கும். அந்தப் பாகாயத்தில் 1966-ஆம் வருஷம் முதல் ஒரு புனர்வாழ்வு நிலையம் நடைபெற்று வருகிறது. அது எழுவதற்குக் காரணமாயிருந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ஆம் வருஷத்தில் தோழிகளுடன் உல்லாசப் பிரயாணம் சென்றபோது வண்டி கவிழ்ந்து, முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவர் அவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் அமெரிக்கா சென்று, ஊனமுற்றோரை மறுபடி வாழப் பழக்கும் வைத்தியத்தைக் கற்று வந்து, அந்தத் துறைக்கே தலைமை வகித்தார். 1972-ஆம் வருஷத்தில் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார்.

மேரி வர்கீஸின் மனவுறுதியைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம்; சொல்ல வேண்டியதுதான். ஆனால், அந்தக் கதையின் முதல் வரியில் இருப்பது ஒரு சாலை விபத்து என்பதை மறந்து விடுகிறோம். முதுகெலும்பு முறிந்தவர்கள் எல்லாரும் மேரி வர்கீஸ்கள் ஆவதில்லை. பெரும்பாலோர் ஒரு சிறு வீட்டின் திண்ணையில் கட்டிலைப் போட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி ஆயுளைக் கழிக்கிறார்கள்.

மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் வருஷத்தில் இந்தியாவின் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மணிக்குப் பத்தொன்பது பேர். அவர்களில் நடந்து சென்றவர்கள் மட்டும் 32,825 பேர். அதே வருஷத்தில் விபத்துக்களின் தொகையில் முதலிடம் பெற்ற மாகாணம் நமது தமிழ்நாடு: 64,105 விபத்துக்கள், 17,884 மரணங்கள். எத்தனையோ காரியங்களில் நாம் முதலிடத்துக்கு ஆசைப்படுகிறோம். இந்த முதலிடத்தை யாருக்காவது தானம் செய்து விடலாம்; ஆனால் வாங்கிக் கொள்பவரும் நம்மைப் போல் மனிதராயிற்றே!

*  *  *

நான் கணக்கு வாத்தியார். பெரிய தொகைகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பிள்ளைகள் அவற்றைக் கேட்டுக் கொட்டாவி விடுவார்கள். ஆகையால் ஒரு சின்னக் கணக்கைச் சொல்லுகிறேன். பத்தாம் வகுப்பில் நான் போட்டுக் காட்டுகிற கணக்குத்தான்.

ஒரு வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. ஒரு குழந்தை சாலையில் இறங்குகிறது. வண்டி ஓட்டுகிறவர் அதைக் கண்டு, மனம் திடுக்கிட்டு, கால் பிரேக்கை மிதிப்பதற்கு ஒரு வினாடி ஆகும். அந்த ஒரு வினாடியில் வண்டி எட்டு மீட்டருக்குச் சற்று மேல் ஓடி விடுகிறது. பிரேக் பிடித்தபின், ரோடு காய்ந்தும் டயர் நன்றாகவும் இருந்தால், இன்னும் ஐந்து மீட்டரில் நின்று விடும். ஆக மொத்தம் பதின்மூன்று மீட்டருக்குச் சற்று அதிகம்.

அதே வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால்? அந்த ஒரு வினாடியில் மட்டும் ஏறக்குறைய பதினான்கு மீட்டர் ஓடி விடுகிறது. அதன் பின்னரே பிரேக் பிடிக்க ஆரம்பிக்கிறது. நிற்பதற்கு மேலும் பதினான்கு மீட்டர் வேண்டும்.

இப்பொழுது அந்தக் குழந்தை பதின்மூன்றரை மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். முதல் வண்டி குழந்தையின் முன்னே ஒரு முழத்துக்குள் நின்று விடும். ஓட்டினவர் நாலு வார்த்தை திட்டுவார். குழந்தையின் தாயார் முதுகில் ஓர் அடி வைப்பாள். காரியம் அத்துடன் முடிந்தது. இரண்டாவது வண்டியோ, பிரேக்கின் மீது கால் படுவதற்கு முன்பே, வேகம் ஓர் இம்மியும் குறையாமல் குழந்தையின் மேல் மோதி விடும். இருவரும் ஒரே மாதிரிக் கவனமுள்ளவர்கள். ஒரே மாதிரி நல்லவர்கள். வித்தியாசமெல்லாம் இருபது கிலோமீட்டரில் இருக்கிறது.

இந்தக் கணக்கைப் போட்டு முடித்தவுடன் வகுப்பில் சத்தமே இராது. யாரும் கொட்டாவி விட்டு நான் பார்த்ததில்லை.

"எல்லா வண்டிகளும் 30 கிலோமீட்டரில் போனால் ஊர் என்ன ஆவது?" என்று கேட்கலாம். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஊருக்குள் மூன்று கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க, 50 கிலோமீட்டர் வேகத்தில் 3 நிமிஷம் 36 வினாடி ஆகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் 6 நிமிஷம் ஆகும். நஷ்டம் 2 நிமிஷம் 24 வினாடி. வழியில் ஒரு தடங்கலும் இல்லாவிட்டால் வருகிற நஷ்டம் இது. நமது ஊர்ச் சாலையில் தடங்கல் இல்லாத நாள் எது? அடுத்த சந்திப்பில் ஹாரனை அடித்துக்கொண்டு நிற்பதற்காகத்தானே இந்தச் சந்திப்பிலிருந்து பறக்கிறோம்!

*  *  *

இவ்வளவு உபதேசம் செய்கிறவன் தன்னுடைய யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும்.

என்னிடம் ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது. ஜனவரி மாதத்துச் சாலைப் பாதுகாப்பு நிகழ்ச்சிக்காகப் பள்ளிக்கூடத்தில் அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். அன்று மாலையே, நெடுஞ்சாலையின் பக்கச் சாலையில், முக்கால் கிலோமீட்டர் சுற்றிப் போக மனமில்லாமல், எதிர்த் திசையில் இருநூறு அடி ஓட்டினேன். நடுவில் சைக்கிளில் வந்த ஒரு பையன் எனக்கு வழி விடுவதற்காக ஒதுங்கி நின்று, "வணக்கம், சார்" என்றான். பதினோராம் வகுப்புப் பையன். சர்க்கார் கொடுத்த இலவச சைக்கிள். அவன் முகத்தில் பரிகாசம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மரியாதைதான் இருந்தது.

அந்தப் பையனைப் பற்றி மேலும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறகு இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை, அவன் வகுப்புக்கு வரவில்லை. பக்கச் சாலையின் இடது ஓரமாகத்தான் வந்திருக்கிறான். ஓரத்தில் ஒரு லாரி நின்றிருந்தது. அதைச் சுற்றிக் கொண்டு போவதற்காக வலது பக்கம் ஒதுங்கியிருக்கிறான். பின்னால் வந்த ஒரு பஸ் அவனை இடித்துத் தள்ளிவிட்டது. உயிர் தப்பியது தெய்வாதீனம். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. தகப்பனார் கூலி வேலை செய்கிறவர். தாயார் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறவர். நான்கு மாதம் அந்தப் பையனுடைய இடம் வகுப்பில் காலியாக இருந்தது. யாரும் அங்கே உட்காரவில்லை. நான் உட்காரச் சொல்லவும் இல்லை.

நான் பார்க்கப் போயிருந்தபோது அவன் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "சார், நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

நான் எத்தனையோ கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லியிருக்கிறேன். இதற்கு உடனே சொல்ல வரவில்லை. அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. பஸ் டிரைவரோ, நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். லாரிக்காரர் டீ குடிக்கப் போனவர். நிறுத்த வேறு இடம் இல்லாதவர். ஒவ்வொருவரிடமும் ஒரு சின்னக் குற்றம் இருக்கலாம். ஆனால், சின்னக் குற்றத்துக்குத் தொடை எலும்பைத் தண்டனையாக வாங்குகிற சாலையை அமைத்தது யார்? சைக்கிளுக்கென்று ஒரு கஜ அகலம் ஒதுக்கி, நடுவே ஒரு கட்டையை வைத்திருந்தால், லாரி அங்கே நின்றிராது. பையன் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கவும் மாட்டான்.

ஸ்வீடன் தேசத்துப் பார்லிமெண்டு 1997-ஆம் வருஷத்தில் ஒரு கொள்கையை ஏற்றுக் கொண்டது. மனிதன் தவறு செய்யத்தான் செய்வான். அந்தத் தவறு மரணத்தில் முடியாதபடி சாலையை அமைப்பது சர்க்காருடைய கடமை என்பது அதன் சாரம். இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. குழந்தை விழும் என்று தெரிந்துதான் நாம் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டுகிறோம். "விழாமல் நடக்கக் கற்றுக்கொள்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பதில்லை.

*  *  *

ஆம்பூர் என்றதும் நேயர்களுக்குப் பிரியாணி ஞாபகம் வரும். எனக்கோ மாலை வேளையில் ஷூ கம்பெனிகளின் வாசல் ஞாபகம் வருகிறது. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று நீண்டு கிடக்கும் இந்தத் தோல் பிரதேசத்தில், ஜோடு தைக்கும் வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். நாள் முழுவதும் இயந்திரத்தின் முன்னே இருந்துவிட்டு, சாப்பாட்டுக் கூடையும் கையுமாக அவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வருகிறார்கள். எதிரே இருப்பது சென்னை–பெங்களூர் தேசிய நெடுஞ்சாலை. அது ஆம்பூரை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடுகிறது. வீடு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். இருட்டத் தொடங்கும் நேரம். எதிரே வருகிற விளக்குகளால் கண் கூசும். வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதை ஊகிக்கவே முடியாது. ஒருத்தி ஓடினால் பத்துப் பேரும் ஓடுகிறார்கள்.

அவர்கள் தைத்த ஜோடுகள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகின்றன. அந்த ஜோடுகளை அணிந்தவர் அங்கே வெள்ளைக் கோட்டின் மேல் காலை வைத்தவுடன், மோட்டார்கள் நின்று வழி விடுகின்றன. ஜோட்டுக்குக் கிடைக்கிற மரியாதை, அதைத் தைத்தவளின் காலுக்குக் கிடைக்கவில்லை.

"மேம்பாலம் கட்டிக் கொடுத்தால் ஏறிப் போக மாட்டேன் என்கிறார்கள்" என்று உத்தியோகஸ்தர்கள் குறைப்படுவதுண்டு. நெடுஞ்சாலையின் மேல் லாரிகள் போவதற்கு ஐந்தரை மீட்டர் உயரமாவது வேண்டும். அதற்கு மேல் ஏறுவதென்றால் ஏறக்குறைய நாற்பது படிகள். பிறகு நாற்பது படிகள் இறங்க வேண்டும். எட்டு மணி நேரம் உழைத்த முழங்காலுக்கு நாற்பது படி என்றால் என்ன என்பதை, லிப்டு உள்ள கட்டடத்தில் உட்கார்ந்து கணக்கிட முடியாது. மனிதன் மேலே ஏறி இறங்குவதைக் காட்டிலும், வண்டி மேலே ஏறிப் போவதுதான் நியாயம்; வண்டிக்கு முழங்கால் வலி கிடையாது. நெடுஞ்சாலையை உயர்த்தி, ஜனங்கள் கீழே சமதளத்தில் நடந்து போகும்படி செய்வதே இத்தகைய ஊர்களுக்கு ஏற்றது. அது முடியாத இடத்தில், வண்டியைத் தடுத்து நிறுத்தும் சமிக்ஞை விளக்கும், அதில் நடப்பவருக்கென்று போதிய வினாடிகளும் வேண்டும்.

போதிய வினாடிகள் என்றால் எவ்வளவு? வாலிபர் ஒரு வினாடியில் 1.2 மீட்டர் நடப்பார். பதினான்கு மீட்டர் அகலத்தைப் பன்னிரண்டு வினாடியில் கடந்து விடுவார். எக்ஸ்-ரே உறையோடு வந்த நமது முர்ஷிதாபாத் பெரியவர் 0.8 மீட்டருக்கு மேல் நடக்க மாட்டார். அவருக்குப் பதினெட்டு வினாடி வேண்டும். வாலிபருக்காக விளக்கை அமைத்தால், பெரியவர் முக்கால் வழியில் இருக்கும்போதே வண்டிகள் பாய்ந்து வரும். சாலையின் நடுவே நின்று மூச்சு விட ஒரு திட்டு இருந்தால், அவர் பாதியைக் கடந்து, நிதானித்து, மறு பாதியைக் கடப்பார். செலவு, சில மூட்டை சிமெண்டும் கொஞ்சம் கருங்கல்லும்.

*  *  *

பஸ் பிரயாணி என்பவர் யார்? இரண்டு பக்கமும் பாதசாரியாக இருந்து, நடுவில் மட்டும் உட்கார்ந்திருப்பவர் – உட்கார இடம் கிடைத்தால்! 2021-ஆம் வருஷம் மே மாதம் முதல் நமது மாகாணத்தில் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்கிறார்கள். வீட்டை விட்டு வேலைக்கும் படிப்புக்கும் புறப்பட்ட பெண்கள் எத்தனையோ பேருக்கு இது கை கொடுத்திருக்கிறது. ஆனால் டிக்கெட்டை இலவசமாக்கிய நாம், பஸ் ஸ்டாப்பைப் பத்திரமாக்கவில்லை.

நிழற்குடை ஓரிடத்தில் இருக்கிறது. அதன் முன்னே ஆட்டோக்கள் நிற்கின்றன. ஆகையால் பஸ் நாற்பது அடி தள்ளி, நடுரோட்டில் நிற்கிறது. ஜனங்கள் ஓடுகிறார்கள். ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் நடுவே மோட்டார் சைக்கிள்கள் நுழைந்து போகின்றன. இறங்கினவர் பஸ்ஸின் முன்புறமாகச் சாலையைக் கடக்கிறார். பஸ்ஸை முந்தி வருகிற வண்டியோ அவரைக் காண்பதே இல்லை. பஸ் நிற்கும் இடத்தைச் சாலையைக் கடக்கும் இடத்துக்கு அப்பால் வைத்தால், இறங்கினவர் பஸ்ஸின் பின்புறமாகக் கடப்பார். வருகிற வண்டியும் அவர் கண்ணுக்குத் தெரியும். இது பணம் வேண்டிய காரியம் அன்று. சுண்ணாம்பு வாளியோடு ஒருவர் வந்து கோட்டை மாற்றிப் போட வேண்டிய காரியம்.

*  *  *

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கிறது. கோயம்புத்தூரில் எலும்பு வைத்திய நிபுணராகிய டாக்டர் எஸ். ராஜசேகரன், முறிந்த எலும்புகளைச் சேர்த்துச் சேர்த்து அலுத்துப் போய், எலும்புகள் முறியாமல் இருக்க வழி செய்ய வேண்டுமென்று 2012-ஆம் வருஷத்தில் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். அதன் பயனாக 2014-ஆம் வருஷத்தில் சாலைப் பாதுகாப்பைக் கண்காணிக்க ஒரு கமிட்டி ஏற்பட்டது. 2019-ஆம் வருஷத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, சாலையைத் தரப்படி அமைக்காததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பாளருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பாதசாரிகளுக்கு நடைபாதை உரிமை உண்டு, அது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தருகிற உயிர் வாழும் உரிமையில் அடங்கியது என்று 2025-ஆம் வருஷம் மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கூறியது. நடைபாதையில் தடையின்றி 1.8 மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும், விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்றெல்லாம் இந்திய சாலைக் காங்கிரஸ் அளவு வகுத்திருக்கிறது.

அடிபட்டவர்களைக் காப்பாற்றுவதிலும் நமது மாகாணம் நல்ல காரியங்கள் செய்திருக்கிறது. 2021-ஆம் வருஷம் டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரத்தில் கட்டணமில்லாச் சிகிச்சை கிடைக்கிறது. ராணிப்பேட்டைக்கு அருகே நெடுஞ்சாலையை ஒட்டி, சி.எம்.சி. 2022-ஆம் வருஷத்தில் திறந்த வளாகத்தில் விபத்துச் சிகிச்சைக்கென்றே பெரிய ஏற்பாடு இருக்கிறது. இவற்றையெல்லாம் கைகூப்பி வணங்கலாம். ஆனாலும், கூரை ஒழுகுகிற வீட்டில் பாத்திரம் வைப்பது ஒரு காரியம். ஓட்டை மாற்றுவது வேறொரு காரியம்.

ஓட்டை மாற்றுவதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். "ஆக்கிரமிப்பை அகற்றுகிறோம்" என்று புறப்பட்டால், முதலில் அகற்றப்படுகிறவள் பூக்காரி. பெரிய கடையின் படிக்கட்டும் ஜெனரேட்டரும் அப்படியே இருக்கும். தெரு வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று 2014-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. பூக்காரியின் கூடைக்கு மூன்று அடி போதும். மோட்டார் ஒன்று நிற்கிற இடத்தில் நாலு பூக்காரிகள் பிழைக்கலாம்.

சென்னை தியாகராய நகரில் பாண்டி பஜாரை 2019-ஆம் வருஷத்தில் நடப்பவர்களுக்கு ஏற்றபடி விசாலமான நடைபாதையோடு மாற்றி அமைத்தார்கள். ஜவுளிக் கடைகள் மூடிவிடவில்லை. மாலை வேளையில் குழந்தைகளைக் கூட்டிக் கொண்டு அங்கே நடக்கிறவர்களைப் பார்த்தால், நடப்பது என்பது ஒரு சுகம் என்பதே ஞாபகம் வருகிறது. இன்னும் தொலைவில் பார்க்க வேண்டுமானால், ஹாலந்து தேசத்தில் 1971-ஆம் வருஷத்தில் சாலைகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் நானூறுக்கு மேல் குழந்தைகள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் எழுதினார். தாய்மார்கள் தெருவில் வந்து உட்கார்ந்தார்கள். சைக்கிளுக்குத் தனிப் பாதை கேட்டார்கள். இன்று அந்தத் தேசத்தில் மோட்டார்கள் அப்போதையைவிடப் பல மடங்கு பெருகியிருந்தும், வருஷத்து மரணங்கள் எழுநூறு அளவில் இருக்கின்றன. அந்தச் சைக்கிள் பாதைகள் ஆதியிலிருந்தே இருந்தவை அல்ல, கேட்டு வாங்கியவை.

*  *  *

"நமது ஊரில் இதெல்லாம் நடக்குமா?" என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

மேலே சொன்ன பரிகாசத்தில் 'சுவாமி இல்லாத கோயில்' என்று ஒன்று வந்ததல்லவா? கோட்டைக்குள்ளே ஜலகண்டேசுவரர் ஆலயம் நெடுங்காலம் மூர்த்தியில்லாமல் கிடந்தது வாஸ்தவந்தான். 1981-ஆம் வருஷத்தில் ஊரார் முனைந்து, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டு வந்து மறுபடி பிரதிஷ்டை செய்தார்கள். 'நீரில்லாத ஆறு' என்றோம். 2021-ஆம் வருஷம் நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை நாமே பாலத்தின் மேல் நின்று பார்த்தோம். ஆற்றில் நீர் வருவது நம் கையில் இல்லை. கோயிலில் சுவாமி வந்தது ஜனங்களுடைய முயற்சியால். சாலையில் நடக்க இடம் வருவதும் அப்படித்தான் வர வேண்டும்.

நேயர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வார்டு கவுன்சிலரிடம் மூன்று கோரிக்கைகளை எழுத்தில் கொடுக்கலாம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கம்பெனி – இவற்றின் வாசல்களில் சாலை மட்டத்துக்குச் சற்று உயர்ந்த கடவைப் பாதையும் நடுவே ஒரு திட்டும். அந்த வாசல்களுக்கு இருபுறமும் 30 கிலோமீட்டர் வேக வரம்பு. இடையில் அறுபடாத 1.8 மீட்டர் நடைபாதை. கோரிக்கையின் நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, மாதம் ஒரு முறை, "அது என்ன ஆயிற்று?" என்று கேட்கலாம். வாத்தியார்களுக்குத் தெரியும்: ஒரே கேள்வியைச் சலிக்காமல் கேட்கிற மாணவனுக்குத்தான் கடைசியில் பதில் கிடைக்கிறது.

அந்தப் பையன் ஐந்தாவது மாதத்தில் ஊன்றுகோலுடன் வகுப்புக்கு வந்தான். காலியாயிருந்த தன் இடத்தில் உட்கார்ந்தான். பள்ளிக்கூடம் விட்டதும், நான் ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு, அவனோடு சாலை வரையில் நடந்தேன். இருவரும் விளிம்பில் நின்றோம். ஒரு காலை முன்னே வைத்தோம். பின்னே இழுத்துக் கொண்டோம். அன்றைக்கு ஆட்டோக்காரர் யாரும் வரவில்லை. "சார், கொஞ்சம் பொறுத்துப் போகலாம்" என்றான் அவன். பதினேழு வயதுப் பையன் கிழவரைப் போல் பேசினான்.

அந்தப் பதினைந்து மீட்டரை அவன் தனியாக, தலை நிமிர்ந்து, ஓடாமல் நடந்து கடக்கிற நாளைக் காண வேண்டும் என்பதே என் ஆசை. அன்றைக்கு அவன் கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.